நாலு மணிக் கயிறு

மார்ச் 9, ஞாயிறு

உலகத்தில் சும்மா கிடந்த டைரிகளிலேயே அதிகம் சும்மா கிடந்தது இதுதான். உரக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. கோயமுத்தூரிலிருந்து வீடியோ எடுக்க வந்த ஒரு தம்பி இன்று, "அண்ணா, நீங்க பேசறதை எழுதி வெச்சீங்கன்னா நாலு தலைமுறைக்குப் பேசும்" என்றான். நாலு தலைமுறை என்பது எனக்குக் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனாலும் தொடங்கி வைக்கிறேன்.

நான் நஞ்சப்பன். வயது அறுபத்திரண்டு, பார்வைக்கு நாற்பது, குரலுக்கு இருபத்தைந்து. அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறி இறங்கும் இந்தப் பவானிப் படுகைக்கு ஏகபோகச் சக்கரவர்த்தி. ஊரார் பாஷையில் வாட்ச்மேன்.

ஒரு காலத்தில் இந்தக் கரை முழுக்க வாழை. யானை வாழையைத் தின்னும், நாங்கள் பட்டாசு வெடிப்போம், யானை கோபத்தில் எங்கள் வீட்டுக் கூரையைப் பிரிக்கும். இரண்டு பக்கமும் சலித்துப்போய், சில வருஷங்களுக்கு முன் ஊரில் ஒரு குழு கூடியது. கரையோர நிலத்தில் உழுவதை விட்டுவிடுவது. புல்லும் நாணலும் முளைக்கட்டும். பகலில் சனங்கள் வந்து உலாவட்டும், பரிசலில் போகட்டும், குளிக்கட்டும். சாயங்காலம் மிருகங்கள் வந்து குடிக்கட்டும். முதலில் நிலம் கொடுத்தவன் நான். மூன்று ஏக்கர். சுற்றுலா வருகிறவர்களிடம் முப்பது என்று சொல்வது வழக்கம்.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். மாலை நாலு மணிக்கு வாசல் பாதையின் குறுக்கே நான் கயிறு கட்டுவேன். பரிசல் கரையேறும், பார்வைக் கோபுரத்தில் நிற்பவர்கள் இறங்குவார்கள், மீன் வறுவல் கடை போட்டிருக்கும் மருமகள் கோகிலா சட்டியைக் கவிழ்ப்பாள். அதற்குமேல் படுகை மனுசனுடையது அல்ல. ஐந்து மணி வாக்கில் மலைப் பள்ளத்தின் வழியாக யானைகள் இறங்கும். முன்னால் இடக்காது கிழிந்த கிழவி ஒருத்தி. அவளுக்கு நான் வைத்த பெயர் மகாராணி.

எத்தனை யானை என்று தம்பி கேட்டான். நூற்றெட்டு என்றேன். மகாராணிக்கு என்னைத் தெரியுமா என்றான். போன வருஷம் எனக்கு வயிற்றுப்புண் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாசல்வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனாள் என்றேன். அத்தனையையும் படம் பிடித்துக்கொண்டான்.

பக்கத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்த கோகிலாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏனுங் மாமா, ஆஸ்பத்திரில அது டோக்கன் போட்டுதுங்களா?"

"வரிசையில நிக்க மாட்டேன்னுருச்சு அம்மிணி. ராசவம்சம்."

கோகிலா என் அக்கா மகள். அக்காவும் அத்தானும் போனபிறகு பிறந்தவீடு என்று அவளுக்கு மிச்சம் நான் ஒருவன்தான். அவள் புருஷன் ஆறுச்சாமி நூல் மில்லில் இருக்கிறான். பேச்சை ரேஷன் கடையில் வாங்குகிற ஆள்.

மார்ச் 16, ஞாயிறு

வீடியோ தேசத்தை உலுக்கிவிட்டது. இன்று வந்த கார்களை வரிசையாக நிறுத்தினால் டெல்லியைத் தொடும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, யானை எப்ப வரும்?"

நீங்கள் போனபிறகு என்றேன். யாருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரு அம்மாள், இத்தனை தூரம் வந்தது மீன் தின்னவா என்று சண்டைக்கே வந்தாள்.

நாலு மணிக்குக் கயிற்றை எடுத்தேன். கோகிலா சட்டிக்குப் பின்னாலிருந்து கை காட்டினாள்.

"சித்தெ இருங் மாமா. இப்பத்தான் மாவுல போட்டிருக்கேன். அரை மணி."

மில்லில் ஆறுச்சாமிக்கு இப்போதெல்லாம் பாதி நாள் வேலை இல்லை. இந்த மீன்சட்டியில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. பேரரசர்கள் இரக்கம் காட்டுவது சரித்திரத்தில் உண்டு. நாலரைக்குக் கட்டினேன். வானம் இடிந்து விழவில்லை.

மார்ச் 19, புதன்

காலில் முள். அதைத் தோண்டி எடுத்ததைத் தவிர இன்று நாட்டில் வேறு செய்தி இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஐந்து மணிக்குக் கயிறு கட்டினேன்.

கட்டும் முன்பே மகாராணி பள்ளத்தின் மேலே முள்காட்டில் வந்து நின்றுவிட்டாள். பின்னால் மற்றவர்கள். கோபுரத்தில் இருந்த சனங்கள் கத்திய கத்தலில் நாணலுக்குள் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது. ஒருவன் விசில் அடித்தான். யானைகள் இறங்கவில்லை. குட்டி ஒன்று இறங்கப் பார்த்தது. மகாராணி தும்பிக்கையால் அதை இழுத்து வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

நல்ல தரிசனம் கிடைத்தது என்று எல்லோரும் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் என் காலில் விழப் பார்த்தார். தடுத்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான் தடுத்தேன்.

கோகிலாவுக்கு இன்று சட்டி காலி. ஒரு துண்டு எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். வயிற்றுப்புண்காரனுக்கு மிளகாய் ஆகாது என்று அதைக் கழுவி வேறு கொடுத்தாள். கழுவிய வறுவலைத் தின்ற ஒரே சக்கரவர்த்தி நான்தான்.

மார்ச் 30, ஞாயிறு

நீர்நாய்களைக் காணவில்லை. பரிசல்துறைக்குப் பக்கத்தில் நாணல் ஓரமாகக் குடும்பத்தோடு இருந்தவை. விடுமுறைக்கு ஊட்டி போயிருக்கும் என்று சனங்களிடம் சொன்னேன். சிரித்தார்கள்.

கயிறு ஐந்தரைக்கு.

ஏப்ரல் 2, புதன்

வார நாள், கூட்டமில்லை. நாலு மணிக்கே கயிறு கட்டிவிட்டுப் பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். யாரும் இறங்கவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். மகாராணி என்மேல் கோபமாக இருக்கிறாள் போல. ராசவம்சத்தில் இதெல்லாம் சகஜம்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆறுச்சாமி மில்லுக்குப் போகிற வழியில் மொபெட்டை நிறுத்தினான். அவன் வண்டியை நிறுத்துவதே ஒரு செய்தி.

"மாமா, பாலத்துக்கிட்ட யானை லத்தி கெடக்குதுங்."

"எந்தப் பாலம்?"

"தார்ரோட்டுப் பாலந்தானுங். இன்னிக்கு நேத்து இல்லீங். ஒரு வாரமா."

"யானைன்னா லத்தி போடாம பின்ன லட்டா போடும், மாப்பிள்ளை?"

அவன் சிரிக்கவில்லை. "பள்ளத்துல இறங்கறதை உட்டுப்போட்டு அக்கட்டால சுத்தி வருதுங். பொழுது மசங்கற நேரத்துல ரோட்டைத் தாண்டித்தான் தண்ணிக்குப் போகுது. நம்மூருக்குப் போற சனமெல்லாம் அந்த வழிதான வரோணும்."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. குழுவில் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வனத்துறை ரேஞ்சர் அம்மா ஜீப்பில் வந்தார். சின்ன வயசு. கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிற ரகம்.

"ஐயா, நாலு மணின்னா நாலு மணியாவே இருக்கட்டும். பள்ளத்து வழி அடைச்சுப் போனா அதுக்கு ரோடுதான் வழி."

"அம்மா, என் கயித்தைப் பாத்துத்தான் சூரியனே மறையுது."

"சூரியன் பாட்டுக்கு மறையட்டும். நீங்க நாலு மணிக்குக் கட்டுங்க."

சலாம் வைத்தேன். இந்தப் பேச்சு நடக்கும்போது கோகிலா மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளை சித்திரை ஒன்று. அதற்கு முந்தின நாள் என்பதால் கூட்டம். கயிறு ஆறு மணிக்கு. காரணம் எழுதத் தேவையில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆறுச்சாமி இறந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தும் கோகிலா வீடு திரும்பாததால், அவளைக் கூப்பிட மொபெட்டில் வந்திருக்கிறான். பாலத்தின் மேல் யானைகள் நின்றிருக்கின்றன. நடுவில் குட்டி. அவன் விளக்கை அணைத்துவிட்டுப் பின்னால் போகப் பார்த்தானாம். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். கிழவிதான். காது கிழிந்தவள்.

நானும் கோகிலாவும் அப்போது கடையைக் கட்டிவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தோம். நான் அவளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தேன். என்ன கதை என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

நேற்று சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தார்கள். இன்று காலையில் எரித்தோம்.

ஏப்ரல் 17, வியாழன்

ஊர் முழுக்க ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. ஆளைக் கொன்ற யானையைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டும், கும்கி வரவேண்டும், இல்லாவிட்டால் எழ மாட்டோம் என்கிறார்கள். முன்னால் நிற்பது ஆறுச்சாமியின் அண்ணன் வெள்ளியங்கிரி. அவன் தொண்டை கட்டிப்போய்விட்டது. ஆனாலும் கத்துகிறான்.

ரேஞ்சர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிடித்தால் மகாராணியைச் சங்கிலி போட்டு முகாமுக்குக் கொண்டுபோவார்கள். வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் இல்லாவிட்டால் மற்றது எல்லாம் ஊருக்குள் சிதறும். "அது ஆளைத் தேடி வந்து அடிக்கிற யானையா, இல்லை வழி அடைச்சதால ரோட்டுக்கு வந்த யானையான்னு நான் எழுதிக் குடுக்கணும். கயிறு எத்தனை மணிக்குக் கட்டினீங்கன்னு ஞாயித்துக்கிழமை ஊர் முன்னால கேப்பேன்" என்றார்.

கோகிலா வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆறு வயசுப் பெண் மடியில் தூங்குகிறது. பாப்பா சாப்பிட்டதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

வெளியே வரும்போது இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "கடையை அத்தனை நேரம் எதுக்கு வெச்சிருந்தாளாம்?" "அதையத்தான் கேக்கோணும்."

ஏப்ரல் 20, ஞாயிறு

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். நடந்தது நடந்தபடி, ஒரு சொட்டு மிகையில்லாமல் எழுதுகிறேன்.

ரேஞ்சர் அம்மா கேட்டார்: "பதிமூணாம் தேதி எத்தனை மணிக்குக் கயிறு கட்டினீங்க?"

"ஆறு மணிக்கு."

"அதுக்கு முன்னால?"

"ஒரு மாசமா கூட்டம் வர்ற நாள்ல நாலு மணிக்குக் கட்டலை. ஞாயித்துக்கிழமை எல்லாம் நாலரை, அஞ்சு, அஞ்சரைன்னு போச்சு. யானை பள்ளத்து மேல நின்னு பாத்துட்டு நின்னு பாத்துட்டுத்தான் ரோட்டுப் பக்கம் போச்சு. அது மேல தப்பில்லை."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. வெள்ளியங்கிரி முன்னால் வந்தான். குரல் இல்லாததால் பக்கத்தில் வந்துதான் கேட்டான்.

"ஏன் கட்டலை? கட்ட வேண்டாம்னு யாரு சொன்னா?"

எல்லோரும் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலா தலையைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள் என்று நினைக்கிறேன்.

நான் முந்திக்கொண்டேன். என் தொண்டை அப்போது எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும்.

"யாரு சொல்லோணும்? குடிச்சிருந்தேன். வர்ற கார்க்காரங்க பாட்டில் குடுத்தாங்க, யானை காட்டறேன்னு நானே சனத்தை நிறுத்தி வெச்சேன். கோகிலா அன்னிக்கு நாலு மணியிலிருந்து மூணு தடவை வந்து கயித்தைக் கட்டுங் மாமா, கட்டுங் மாமான்னு கெஞ்சினா. போடி வேலையைப் பாருன்னு வெரட்டி உட்டேன். வாசல்ல என்னைய உட்டுப்போட்டுப் போறதுக்கு மனசில்லாமத்தான் அவ அங்க நின்னா."

வெள்ளியங்கிரி அடித்தான். முதல் அடி காதில். அடுத்தது எதில் என்று கவனிக்கவில்லை. யாரும் விலக்க அவசரப்படவில்லை. ரேஞ்சர் அம்மாதான் நடுவில் வந்து நின்றார்.

பெண்கள் பக்கமிருந்து சத்தமே இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மகாராணியைப் பிடிப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. மழை வரும்வரை படுகைக்குள் சனங்கள் போகக்கூடாது. பரிசலும் கடையும் இல்லை. குழு என்னை நீக்கிவிட்டது. பார்வைக் கோபுரத்துச் சாவியைக் கேட்டு ஒரு ஆள் வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே கையை நீட்டினான். போன மாதம் இவனுக்கு நான் என் முப்பது ஏக்கரில் பாதியை எழுதிவைப்பதாகச் சொல்லியிருந்தேன்.

டீக்கடையில் என் தம்ளரைத் தனியாக வைக்கிறார்கள். மோர் கேட்டேன். "மோரு குடிக்கற ஆளாடா நீ" என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மலையடிவாரம் வழியாக நடந்துபோய்த் தூரத்திலிருந்து பார்த்தேன். பள்ளத்தில் புதிய தடம் இருக்கிறது.

சந்தோஷப்படலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

இன்று கருமாதி. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்தவீட்டுக் கோடி போடவேண்டும். சபையில் எல்லோரும் பார்க்க, அவள் வீட்டார் புதுச் சேலையைத் தோளில் போர்த்தவேண்டும். உனக்கு இன்னும் ஒரு வீடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கோகிலாவின் பிறந்தவீடு நான்தான். சத்தியமங்கலம் போய் வாங்கி வந்தேன். கடைக்காரர் விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பந்தல் வாசலில் வெள்ளியங்கிரி நின்றான்.

"நீங்க உள்ள வரக்கூடாதுங்க."

"கோடி மட்டும் போட்டுட்டுப் போயர்றேன்."

"எங்க தம்பியத் தூக்கிக் குடுத்தவன் கையில கோடியா?"

நியாயமான கேள்வி. அவன் இடத்தில் நான் இருந்தால் இன்னும் நீட்டிக் கேட்டிருப்பேன்.

கோகிலாவை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். கூட்டம் முழுக்க அவளைத்தான் பார்த்தது. கோடிக்குத் தலை குனிந்தால் என்னை மன்னித்துவிட்டாள் என்று ஆகும். எதற்காக மன்னித்தாள் என்று ஊர் யோசிக்கும். ஊருக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது.

"நீங்க போயிருங் மாமா" என்றாள்.

பையோடு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி சேலை எடுத்துவந்து போட்டாளாம். பிறந்தவீடு இல்லாதவளுக்கு அப்படி யாராவது போடுவது உண்டு.

ஏப்ரல் 30, புதன்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கோகிலா வந்தாள். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ரேஷன் கடைக்கு என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறாள். கையில் ரேஷன் பை இருந்தது. உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். டீ வைக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

"நீங்க எப்ப மாமா குடிச்சீங்க?"

சக்கரவர்த்திகள் குடிப்பதை வெளியில் சொல்வதில்லை என்று ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

"எட்டுக் கிலோ மீன் எடுத்திருந்தேன் அன்னிக்கு. பாதிக்கு மேல மிச்சம். அதனாலதான் அரை மணின்னு கேட்டேன். பொறவு இன்னொரு அரை மணின்னு கேட்டேன்." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "அதுக்கப்பறம் ஒருத்தருங் வாங்கலீங் மாமா. எல்லாரும் யானை பாக்கோணும்னு கோபுரத்துல ஏறிட்டாங்க. நான் சட்டிய வெச்சுட்டு சும்மாதான் நின்னேன். ஒரு துண்டு விக்கலை."

 

"இல்லை கண்ணு" என்றேன். எதை இல்லை என்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

"வீடியோக்காரனுக்கு நாந்தான் கதை அளந்தேன்" என்று பிறகு சொன்னேன். "சனத்தைக் கூட்டிட்டு வந்தது அதுதான்."

"ஆமாங்" என்றாள். என்னைத் தேற்றுவதற்கு அவள் இல்லை என்று சொல்லவில்லை.

 பால்காரர் மணி அடித்துவிட்டு நிற்காமல் போனார். இப்போதெல்லாம் என் வீட்டில் நிற்பதில்லை.

"அவரு அண்ணங்கிட்ட நெசத்தைச் சொல்லிறட்டுங்களா?"

"வேண்டாம்."

"ஏனுங்?"

"சொன்னா அந்த ஊட்டுல நீ இருக்க முடியாது. பாப்பாவை அவங்க குடுக்க மாட்டாங்க."

"நீங்க இந்த ஊர்ல இருக்க முடியுதுங்களா?"

"நானா? எனக்கென்ன கண்ணு."

அவள் என் காதைப் பார்த்தாள். வீக்கம் வடிந்துவிட்டது, சரியாகத்தான் கேட்கவில்லை. அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"கோடி எங்கீங்?"

பீரோவைக் காட்டினேன்.

"எடுங். ஊட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இங்கயே போட்டு உடுங்."

கதவைச் சாத்தினாள். சபை இல்லை, பந்தல் இல்லை. அடுப்படியில் கிழக்கே பார்த்து நின்று தலையைக் குனிந்தாள். இதைப் பெண்கள் செய்துதான் நான் பார்த்திருக்கிறேன். பிரித்துத் தோளில் போட்டேன். ஒரு பக்கம் நழுவியது. திரும்ப எடுத்துப் போட்டேன். அவள் என் கைமேல் கையை வைத்தாள், கொஞ்ச நேரம்.

பிறகு அவளே எடுத்து, முந்தானையிலிருந்து நறுவிசாக மடித்து, என்னிடம் கொடுத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டுங்."

ரேஷன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இனி வரமாட்டாள். வரக்கூடாது என்று இருவருக்கும் தெரியும்.

ரோட்டோரம் போய் நின்றேன். அவள் பாலத்தைத் தாண்டும்வரை நின்றேன். நல்ல வெயில். அந்நேரத்துக்கு யானை வராது. இருந்தாலும் நின்றேன்.